பெண் இரண்டு, அழுகை

இலக்குகள் துல்லியமாகத் தாக்கப்பட்டன. போய்த் தொலை என்று வாலண்டினா அந்த வரியை விரட்டிப் பார்த்தாள். அது போவதாக இல்லை, செருப்புக்கடியில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி கூடவே வந்தது. வேறு எவளாவது சொல்லிக் காதில் விழுந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். சொன்னவள் இவளேதான். காலையில் இதே சாலிகிராமத்து ஸ்டுடியோவில், இதே கண்ணாடி அறையில், இதே மைக்குக்கு முன்னால் நின்று, இங்கிலீஷ் படத்தில் டிவி செய்தி வாசிக்கிற பொன்னிறக் கூந்தல்காரிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தாள். ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டப்பிங் இன்சார்ஜ் வத்சலா மேடம், யாரையும் லேசில் பாராட்டாதவர், பட்டனை அழுத்தி, “டினா, நியூஸ் சேனல்காரன் கேட்டா உன்னைக் கொத்திக்கிட்டுப் போயிடுவான்” என்றார். அவளும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு, பல்கலைக்கழக வேப்பமரத்தடியில் நின்றால் இந்தத் ‘துல்லியம்’ என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசக்கூடியவள், அது யார் செய்த சொல், எந்த அலுவலகத்தில் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு அனுப்பப்பட்ட சொல், அதற்கடியில் எத்தனை வீட்டுக் கூரைகள் கிடக்கின்றன என்று கையை நீட்டி நீட்டிப் பேசக்கூடியவள், அதே சொல்லைத் தேனில் தொட்டுச் சொல்லிவிட்டுப் போய் வெங்காய போண்டாவும் தின்றாள். போண்டா நன்றாகத்தான் இருந்தது. அதையும் ஒளிக்க வேண்டாம்.

இப்போது மத்தியானம், சிஸ்டம் தொங்கிப்போய் நிற்கிறது. சவுண்ட் இன்ஜினீயர் டோமினிக் அண்ணன் மேஜைக்கடியில் குனிந்து ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறார், அவர் முதுகு மட்டும் தெரிகிறது. வத்சலா மேடம் போனில் யாருக்கோ வெள்ளிக்கிழமை கண்டிப்பாக என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், குளிரில், வாலண்டினாவும் ராஜகுமாரியக்காவும் மட்டும். எதிரே திரையில் அவள் அடுத்துக் குரல் கொடுக்க வேண்டிய பெண், படம் நின்ற இடத்தில் அப்படியே, வாய் பாதி திறந்தபடி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வீடு இருந்த இடத்தில் புழுதி, எல்லாவற்றின் மேலும் மஞ்சள் வெயில். அதென்ன கணக்கோ, இந்தப் படங்களில் எடுத்தவர்கள் ஊருக்கு நீல வெயில், மற்றவர்கள் ஊருக்கெல்லாம் மஞ்சள் வெயில், மஞ்சள்காமாலை வந்தவன் கண்ணில் பட்ட மாதிரி. நாட்டுக்குப் பெயர் இல்லை, ‘பாலைவனத்தில் ஓரிடம்’ என்று எழுத்து வந்து போகிறது. அவர்கள் ஊர் என்றால் தெருப் பெயர், மாடி எண், மணி நிமிஷம் எல்லாம் போடுவார்கள். ஹீரோ வளர்க்கும் நாய்க்குப் பெயர் இருக்கிறது. அந்த நாய் செத்ததற்கு வயலின் இருக்கிறது, ஹீரோ மண்டியிட்டுப் பேச அரைப்பக்க வசனம் இருக்கிறது. இவளுக்கு டயலாக் பேப்பரில் மூன்றே சொல்: பெண் இரண்டு, அழுகை. பெண் ஒன்று யாரென்று பார்த்தால், அந்தச் செய்தி வாசிப்பவள். ஆக பெண் ஒன்றும் வாலண்டினாதான், பெண் இரண்டும் வாலண்டினாதான். குண்டு சரியான இடத்தில் விழுந்தது என்று சொன்ன தொண்டையும் இதுதான், அது விழுந்த வாசலில் நின்று அழப்போகிற தொண்டையும் இதுதான். ஒரே ஆள் ரெண்டு வேஷத்துக்குக் குரல் கொடுத்தால் யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது, அதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம், அதில் அவள் கெட்டிக்காரி. குரலை மூக்குக்கு ஏற்றுவாள், நெஞ்சுக்கு இறக்குவாள், வயசைக் கூட்டுவாள் குறைப்பாள். ஆனால் இன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனமே ஒரு மாதிரி இருந்தது, திருட்டுப் பொருளை நன்றாக ஒளித்துவைத்துவிட்ட பெருமை மாதிரி.

“இன்னாமே காம்ரேட், மூஞ்சி ஏன் இப்படி கீது? அழுகைக்கு ஒத்திகையா?” என்று கேட்டாள் ராஜகுமாரியக்கா. அவள்தான் இந்த ஸ்டுடியோவின் ஆஸ்தான அழுகைக்காரி. கணவன் செத்தால் ஒரு அழுகை, காதலன் ஓடிப்போனால் ஒன்று, வெள்ளத்தில் ஊரே போனால் கூட்டத்தோடு ஒன்று. கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், நடுவில் அக்குளைச் சொறிந்துகொண்டே, கேட்பவன் வயிற்றைப் பிசைகிற மாதிரி அழுவாள். இந்தப் படத்தில் அவள் பெண் மூன்று முதல் கடைசிவரை, மொத்தக் கூட்டமும் அவளே. வாலண்டினா வந்த முதல் நாளே இந்தக் ‘காம்ரேட்’ ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு மாணவர் சங்கத்து பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு வந்திருந்தாள், நட்சத்திரம் போட்டது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது சட்டைப் பொத்தானில் இடித்து மைக்கில் டிக் டிக் என்று கேட்க, வெடிகுண்டுப் படத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று டோமினிக் அண்ணன் சிரிக்க, மேடம் கழற்றச் சொன்னார். இங்கே வளையல் ஆகாது, கஞ்சி போட்ட பருத்தி ஆகாது, பசித்த வயிறு ஆகாது, கொள்கையும் உள்ளே போட்டுக்கொண்டு வரக் கூடாதாக்கும் என்று அவள் முணுமுணுத்தது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டுவிட்டது, மைக் திறந்திருந்ததை மறந்துபோனாள். ராஜகுமாரியக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “எனக்கு இந்த அரசியல் எல்லாம் வேணாம்பா. எவன் செத்தாலும் நான்தான் அழப் போறேன்” என்றாள். அதைக் கேட்டு அப்போது வாலண்டினாவுக்குக் கோபம்தான் வந்தது, அடுத்த இரண்டு நாளும் டீ இடைவேளையில் அவளுக்கு உழைப்புச் சுரண்டல் பற்றி வகுப்பெடுத்தாள். அக்கா பஜ்ஜியை மென்றபடி முழுசும் கேட்டுவிட்டு, “நல்லா பேசுற, தொண்டைய பாத்துக்க” என்று மட்டும் சொன்னாள்.

பெயரும் ஒரு சண்டைதான். எந்த வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுத்தாலும், கிறிஸ்டியனாம்மா என்று கேட்பார்கள். இல்ல சார், திருப்பூர். அது ஊர், நான் மதத்தைக் கேட்டேன். அதுக்கும் அதான் பதில் சார். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர் அது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பா, மகள் பிறந்தால் வைப்பதென்று கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவைத்திருந்த பெயர், சொந்தக்காரர்கள் காதுகுத்துக்கு வந்து வாயில் நுழையாமல் வாலாம்பா வாலாம்பா என்று கொஞ்சிவிட்டுப் போன பெயர். வான்வெளியில் தனியாகச் சுற்றிவந்தவள் பேரை வச்சுக்கிட்டு ஒரு மைக்குக்குப் பயப்படுறியா கண்ணு என்பார் அப்பா. அவர் பயப்படாதவர். யூனியனே கூடாது என்று முதலாளி போர்டு எழுதி மாட்டிய கம்பெனியில், கூலி கேட்டுப் பேசினால் வேலை போகும் என்கிற இடத்தில், ஒருநாள் காலையில் கட்டிங், தையல், செக்கிங் என்று ஒரு வரிசை மொத்தத்துக்கும் வயிற்றுவலி வந்துவிட்டது. யாரும் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். “வயித்து வலிக்கு என்னங்க பண்றது” என்று அப்பா மேனேஜரிடம் அத்தனை பணிவாகக் கேட்டாராம். மத்தியானத்துக்குள் மேலிடத்திலிருந்து ஆள் பேச வந்துவிட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் வயிற்றைத் தடவிக்கொள்வார், இப்போதும் வலிக்கிற மாதிரி, கண் மட்டும் சிரிக்கும். அதே அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளைத் தோளில் உட்காரவைத்துத் தரை டிக்கெட்டுக்குக் கூட்டிப்போவார், பண்ணையாரை ஹீரோ அடித்தால் விரலை மடித்து விசிலடிப்பார். வாலண்டினாவும் விசிலடிப்பாள், அவளுக்கு அப்போது முன்பல் விழுந்து காற்றுதான் வரும். சினிமா என்றாலே மயக்கமருந்து என்று வாசகர் வட்டத்தில் யாராவது சொன்னால் அவளுக்குச் சுர்ரென்று வரும், உனக்கு ஜனங்களைப் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலையேன், அதற்கு எதற்குச் சினிமா மேல் பழி.

சாதிக் சொல்வான். வகுப்புத் தோழன், வாசகர் வட்டத்தை அவளும் அவனும்தான் நடத்துகிறார்கள், அதாவது அவன் தலைப்பு வைப்பான், அவள் சண்டை வைப்பாள். இந்த வேலையில் சேர்ந்த செய்தியைச் சொன்னபோது கான்டீனில் நிறையப் பேருக்கு முன்னால், “ஏகாதிபத்தியத்துக்கு வாடகைக் குரல்” என்றான். அவன் போட்டிருந்த டிசர்ட்டில் ஒரு சூப்பர்ஹீரோ, மார்பு விடைத்து, கேப் பறக்க. “முதல்ல அந்த ஏகாதிபத்தியத்த உன் நெஞ்சுலேர்ந்து இறக்கு, அப்புறம் என் தொண்டைக்கு வா” என்றாள், மேஜையே கைதட்டியது, ஜெயித்துவிட்டாள். ஜெயித்தாளா? அன்றைக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. விடுதிக்கு நடக்கும்போது அவன் மெதுவாக, “இல்ல டினா, நெஜமாவே கேக்குறேன். அந்த மாதிரிப் படத்துல எங்க பேருள்ளவன் யாராவது உருப்படியா ஒரு வார்த்தை பேசியிருக்கானா? வருவான், கத்துவான், சாவான்” என்றான். அதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் இருப்பது அவளுக்கு உடம்புக்கு ஆகாத விஷயம், அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அது பாக்கி. இலக்குகள் துல்லியமாக. சனியனே.

டோமினிக் அண்ணன் எழுந்து கட்டை விரலைக் காட்டினார், பிறகு ஐந்து விரலையும் காட்டினார், இன்னும் கொஞ்சம் பொறு என்று. சரி. திரையில் அந்தப் பெண்ணும் பொறுத்துக்கொண்டு நிற்கிறாள். சிஸ்டம் நிற்பதற்கு முன் அவளை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த சவுண்ட் ட்ராக்கில் குண்டு வெடிப்பது வருகிறது, கல் உருள்வது வருகிறது, நாய்க்குரிய வயலின் துல்லியமாக வருகிறது, இவள் குரல் மட்டும் வரவில்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் அழுது போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் உதடு இருக்கிறது. உதடு அசைகிறது. முகம் திரையை நிறைக்கிற க்ளோசப். “க்ளோசப்புக்குக் கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய அழுகைய எடுத்து ஒட்டுறவ நான் இல்ல, என் படத்துல முகம் தெரிஞ்சா குரல் புதுசா வரணும்” என்பார் வத்சலா மேடம், ஒரு காலத்தில் கதாநாயகிகளுக்குப் பேசியவர், அந்தக் கர்வம் அவருக்கு இன்னும் உண்டு. வாலண்டினா ஓட்டிப் பார்த்ததை மனசுக்குள் ஓட்டினாள். மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது. பிறகு குவிகிறது. மறுபடி மூடிக் குவிகிறது, அகலத் திறக்கிறது. அழுகிறவள் வாய் அப்படிப் போகாது. அழுகை கோணும், இழுக்கும், ராஜகுமாரியக்காவைக் கேட்டால் வகைவகையாகச் சொல்வாள். இவள் கழுத்து வேறு பக்கவாட்டில் திரும்புகிறது, கண் கேமராவைப் பார்க்கவில்லை, கீழே இடுப்பு உயரத்தில் எதையோ தேடுகிறது. இடுப்பு உயரம். வாலண்டினாவுக்குக் கையில் மயிர்க்கால் எழுந்தது, ஏசியால் இல்லை. இவள் அழவில்லை. கூப்பிடுகிறாள். சாயங்காலமானால் தெருவில் விளையாடுகிறவர்களைத் திருப்பூரில் அம்மாக்கள் கூப்பிடுவார்களே, அதே கழுத்து, அதே திருப்பல், ஒரு கை கதவு நிலையில். எந்த நாட்டு நடிகையோ, என்ன மொழியோ, படம் எடுத்தவனுக்கே அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்திருக்காது, அழுகை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறாள். மூடித் திறந்து மூடுகிற பெயர். மரியம்.

மரியம் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூடி, திறந்து, மூடியது. அந்தப் பெயர் அங்கேயும் இருக்கும், சாதிக்கின் தங்கைக்கும் இருக்கிறது, வேளாங்கண்ணிக்குப் போகிற பஸ்ஸில் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்து குவிகிறது: உள்ள. மூடிக் குவிந்து திறக்கிறது: போகாத. மரியம், உள்ள போகாத. எதிரே வாய் பாதி திறந்து நிற்பவளுக்கு அது கைக்கு அளவெடுத்த வளையல் மாதிரி ஏறியது. உடனே வேலை ஞாபகம் வந்தது. போன மாதம் காமெடி நடிகருக்குப் பேசிய ஒருத்தன் பேப்பரில் இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்தான், சிரிப்பாகத்தான் இருந்தது, வெளிநாட்டு கம்பெனி ஒவ்வொரு சொல்லையும் வைத்துப் பார்க்கும் என்று சொல்லி மேடம் அவனை அன்றைக்கே நிறுத்திவிட்டார், அதன்பிறகு அவன் இந்தப் பக்கம் தென்படவில்லை. நாளைக்கு வாலண்டினாவுக்குக் குரல் டெஸ்ட். அடுத்த படத்தில் கதாநாயகியின் தங்கை, முதல்முறையாகப் பெயருள்ள பாத்திரம், அதற்காகத்தான் இரண்டு வருஷமாகக் காட்டு மனுஷியாகவும் விமானப் பணிப்பெண்ணாகவும் கூட்டத்தில் ஒருத்தியாகவும் கத்தினாள். ஒரு அழுகையை அழுதுவிட்டுப் போனால் நாளைக்குப் பெயர் கிடைக்கும். இவளுக்குப் பெயர் இல்லாமல் இருந்தால் எனக்குப் பெயர் கிடைக்கும். சபாஷ். இதை வேப்பமரத்தடியில் சொன்னால் எவ்வளவு நன்றாக எடுபடும், சொல்லிவிட்டுப் போய் போண்டா தின்னலாம். ஆனால் வேப்பமரத்தடியில் இருப்பது ஐம்பது பேர், அதில் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். இந்தப் படம் தீபாவளி, பொங்கல், ஞாயிறு மத்தியானம் என்று டிவியில் வருஷக்கணக்காகத் தேய்ந்து தேய்ந்து ஓடும். திருப்பூரில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பாள். அடிதடி வந்தால் பார்க்காமல் உரிப்பவள், ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிட்டால் தலையைத் தூக்குவாள். அந்த ஒரு தலை தூக்கல் போதும். கண்ட துண்டறிக்கையிலும் எழுதிக் கிழித்தது போக, என் தொழில் என்று ஒன்று இருக்கிறதே, அதில் நான் நல்லவள், நிஜமாகவே நல்லவள், இந்த ஊரில் உதட்டைப் பார்த்துச் சொல் வைக்க என் வயசில் என்னைவிட்டால் ஆள் காட்டட்டும். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேட்ஜ் இருந்திருந்தால் டிக்கென்று கேட்டிருக்கும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. “போலாமா டினா? ஒரே அழுகை, க்ளீனா” என்றது ஹெட்போனில் மேடத்தின் குரல். புழுதி எழுந்தது, மஞ்சள் வெயில் அசைந்தது, அந்தப் பெண் கதவு நிலையில் கை வைத்துத் திரும்பினாள், வாலண்டினா அடிவயிற்றிலிருந்து எடுத்து, மூக்குக்கு ஏற்றாமல், நெஞ்சில் ஒளிக்காமல், காலையில் செய்தி வாசித்த அதே சொந்தக் குரலில் கூப்பிட்டாள். மரியம். உள்ள போகாத. முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டோமினிக் அண்ணன் மேடத்தைப் பார்க்காமல் பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “யார் எழுதினா இதை?” என்றார் மேடம். “யாரும் எழுதல மேடம். அவங்க சொல்றாங்க.” “பேப்பர்ல என்ன இருக்கு?” “அழுகைன்னு இருக்கு மேடம். ஆனா அவங்க அழல. கூப்பிடுறாங்க. நீங்களே உதட்டைப் பாருங்க.” மேடம், திருப்பிப் போடு என்று டோமினிக்கிடம் கையைச் சுழற்றினார். போட்டார்கள். இன்னொரு தடவை போட்டார்கள். ஏகாதிபத்தியம், சித்திரிப்பு அரசியல், யாருக்குக் குரல் உண்டு யாருக்குக் கூச்சல் மட்டும் உண்டு என்று வாலண்டினா வாதங்களை அடுக்கி வைத்துக்கொண்டு தயாராக நின்றாள், வாய் திறந்தால் சாயங்காலம் வரை நிற்காது. டோமினிக் அண்ணன், “லிப் பக்காவா உட்காருது மேடம்” என்றார், அவ்வளவுதான். அடுக்கியதெல்லாம் அடுக்கியபடி நின்றது.

“உட்காருது. அது எனக்கும் தெரியுது” என்றார் மேடம். “சரி, சேஃப்டிக்கு ஒரு டேக் வெறும் அழுகை குடுத்துடு. ரெண்டையும் கம்பெனிக்கு அனுப்பலாம். அவங்களுக்கு எது வேணுமோ வச்சுக்கட்டும்.” சேஃப்டிக்கு ஒன்று, எப்போதும் கேட்பதுதான், எப்போதும் கொடுப்பதுதான். கொடுத்தால் அவர்கள் எதை எடுப்பார்கள் என்று நாலு பேருக்கும் தெரியும். ஒரு அழுகை. நாளைக்கு டெஸ்ட். தங்கை பாத்திரத்துக்கு நீளமான வசனம் இருக்கிறது, மழையில் நனைந்துகொண்டே பேசுவது. வாலண்டினா மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “எனக்கு அழுகை வரல மேடம்” என்றாள். வாதம் வரவில்லை, அதுதான் வந்தது, அதுவும் அத்தனை பணிவாக. மேடம் பார்வையை ராஜகுமாரியக்கா பக்கம் திருப்பினார். “ராஜி, நீ வா. உனக்குச் சொல்லவே வேணாம். பக்கத்து மைக்குல நின்னு ஒண்ணு குடு.” முடிந்துபோயிற்று என்று நினைத்தாள் வாலண்டினா. ராஜகுமாரியக்காவுக்கு அழுவது மூச்சு விடுகிற மாதிரி, எவன் செத்தாலும் அவள்தான். அக்கா எழுந்தாள், மைக் பக்கம் வந்தாள், முந்தானையைச் செருகிக்கொண்டாள், கையைத் தொண்டையில் வைத்துத் தடவினாள்.

“தொண்டை கட்டிக்கிச்சு மேடம்.”

“இப்பதானே பேசிக்கிட்டிருந்த?”

“பேச வருது மேடம். அழத்தான் வரல.”

டோமினிக் அண்ணன் குனிந்து இல்லாத ஒயரைத் தேடினார். வாலண்டினா திரும்பி அக்காவைப் பார்க்கத் துணியவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள், அல்லது மேடம் கேட்ட அந்த அழுகை இப்போது வந்துவிடும், அது மைக்கில் விழுந்து ரெக்கார்ட் ஆகித் தொலையும். திருப்பூரில் ஒரு வரிசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குள் தெரிந்தது, அவள் பிறப்பதற்கு முன் நடந்தது, ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. “ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தொண்டையா” என்றார் மேடம், கேள்வியாக இல்லை. திரையைப் பார்த்தார். ஒரு காலத்தில் எத்தனையோ பேருக்கு வாயாக இருந்தவர், அவர் உதடு லேசாக மூடித் திறந்து மூடியதைக் கண்ணாடியின் இந்தப் பக்கமிருந்து வாலண்டினா பார்த்தாள். “டோமினிக், இதையே வச்சுக்கோ. கேட்டாங்கன்னா க்ளோசப், லிப்புக்குத் தேவைப்பட்டதுன்னு நான் எழுதிக்கிறேன். டினா, நாளைக்கு டெஸ்ட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். பத்து நிமிஷம் பிரேக்.” அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை, வான்வெளியில் தனியாகச் சுற்றியவளுக்குக் கூட இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். உடனே இல்லை, இது தனியாக இல்லை என்று தன்னோடு தானே வாதாடித் திருத்திக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் கதவு மூடுவதற்குள் டோமினிக் அண்ணன் இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பது கேட்டது, மரியம், உள்ள போகாத, அந்தக் குரலைக் கேட்டு அவளே ஒரு கணம் நின்றாள். காதுக்குள் வேறு எந்த வரியும் இல்லை. வராந்தாவில் ராஜகுமாரியக்கா ஜன்னல் கொக்கியைத் தூக்கித் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும்படி, கோயில் மணி மாதிரிக் கணீரென்று கத்தினாள்: “மாஸ்டர், ரெண்டு டீ. ஒண்ணுல சக்கரை கம்மி.” கத்திவிட்டுத் திரும்பினாள்.

“இன்னா பாக்குற காம்ரேட்? கட்டுன தொண்டைக்கு டீதான் மருந்து.”